மஞ்சள் காட்டாத காமாலை

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டுப் பகுதியை நடத்தும்போது வகுப்பில் ஒரு மெல்லிய சிரிப்பு எழுவது வழக்கம். தலைவியின் மேனியில் பசலை படர்கிறது, வளை கழல்கிறது, உணவு செல்லவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், பாடலைப் படிக்கும் நமக்கும் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. அவள் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டுப் பார்த்து முருகன் செயல் என்கிறான். ஆட்டுக்குட்டி ஒன்று காரணமின்றி உயிர்விடுகிறது. மேனி காட்டிய குறி பொய்யன்று, அதைப் படித்த முறையே பொய் என்பதுதான் இப்பாடல்களின் நுட்பம். வள்ளுவரும் பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரத்தையே இந்நிறத்திற்கு ஒதுக்கினார்.

இப்பகுதியை நடத்திய ஒரு நாளில், "பசலைன்னா காமாலையா ஐயா?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். இல்லையென்று சொல்லி மேலே செல்வது எளிது. ஆயினும் அக்கேள்வியில் வேறொரு பொருள் இருந்தது. நிறத்தைக் கொண்டு உள்நோயை அறியலாம் என்னும் நம்பிக்கை இரண்டிற்கும் பொது. அந்நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே கைவிட்டது என்பதைக் கல்லீரல் நோயின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவர் அல்லோம். குறியும் பொருளும் பற்றிய தமிழாசிரியரின் ஆர்வம் மட்டுமே நமக்குள்ள தகுதி.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வை நண்பர்கள் அறிந்திருப்பீர்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன எட்டு. மூத்திரத்தில் எண்ணெய்த் துளியை விட்டு அது பரவும் வடிவைப் பார்க்கும் நெய்க்குறி இதன் நுண்மையான வளர்ச்சி. காமாலையைப் பொறுத்தவரை விழி, நிறம், மலம், மூத்திரம் ஆகிய நான்கும் ஒரே திசையில் பேசும். ஆகவே பழைய மருத்துவர் அதனைக் கண்டறிவதில் தவறியிருக்க வாய்ப்புக் குறைவு. இவ்வெட்டில் குருதி இல்லை என்பது நோக்கத்தக்கது. குருதி உடலுக்குள் இருந்தது; மருத்துவர் வெளியே இருந்தார்.

மேற்கிலும் இதே கதைதான். ஈரல் சுருங்கி இறுகிப்போகும் நோய்க்கு 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் வைத்த பெயர் சிரோசிஸ். இதயத்துடிப்பைக் கேட்கும் குழாயைக் கண்டவரும் இவரே. பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். அறுத்துப் பார்த்த ஈரலையும் அவர் நிறத்தால்தான் அழைத்தார்.

எமது அயோத்தியாப்பட்டணம் சேலத்துக்குக் கிழக்கே, கோதண்டராமர் கோயிலால் அறியப்பட்ட ஊர். அக்கோயில் மண்டபத்தின் ஓவியங்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும். ஊரைச் சுற்றியுள்ள மரவள்ளிக் காடுகளிலும் வரப்புகளிலும் மழைக்குப் பின் கீழாநெல்லி தானே முளைக்கும். இலைக்காம்பின் கீழ் வரிசையாகக் காய்கள் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி. அதுவே மருவிக் கீழாநெல்லி ஆயிற்று. கண்ணில் மஞ்சள் கண்டால் அதை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் நீக்கிய பத்தியம் உண்டு. மந்திரித்தல் உண்டு. காமாலைக்குச் சூடு போடுதலும் தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். முதியவர் சிலர் கையில் அந்தத் தழும்பை இன்றும் காணலாம்.

இவை எல்லாமே பெரும்பாலும் 'பலித்தன'. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஏன் பலித்தன என்பதில்தான் வரலாறு இருக்கிறது. நம் நாட்டில் காமாலைக்குப் பெருங்காரணம் அசுத்த நீரால் பரவும் இரு வைரஸ்கள். இன்று அவற்றை ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் இ என்கிறோம். கருவுற்ற பெண்களுக்கு இ வகை கொடியது. ஏனையோரில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டும் சில வாரங்களில் தாமே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் மஞ்சள் இறங்கியது, சூடு போட்டுக்கொண்டவருக்கும் இறங்கியது, ஒன்றும் செய்யாதவருக்கும் இறங்கியது. ஒன்றும் செய்யாதவர் மட்டும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஆகவே அவர் கதை ஊரில் நிற்கவில்லை.

1955 டிசம்பர் தொடங்கி டெல்லியில் பரவிய காமாலை இதற்குப் பெருஞ்சான்று. யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்தது. சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண் மஞ்சளாயிற்று. அக்காலத்தில் அறியப்பட்ட தொற்றுக் காமாலை என்றே அதைக் கருதினர். நல்வாய்ப்பாக, நோயாளர் சிலரின் குருதிநீர் உறையவைத்துப் பாதுகாக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1980இல், அதைச் சோதித்தபோது அது ஏ வகை அன்று என்பது வெளியாயிற்று. பின்னர் அறியப்பட்ட இ வகையே அது. நோயாளரின் கண்ணிலிருந்த மஞ்சள் என்றோ மறைந்துவிட்டது. குப்பியிலிருந்த குருதி மட்டும் கேள்வி வரும்வரை காத்திருந்தது.

குருதியைக் கேட்கும் கலை மெல்லத்தான் வளர்ந்தது. 1910களில் டச்சு மருத்துவர் வான் டென் பெர்க் குருதியில் பிலிரூபின் அளவை வேதிமுறையில் காட்டினார். இதுவும் மஞ்சளை எண்ணாக மாற்றியதே அன்றி வேறன்று. உண்மையான திருப்பம் 1954-55இல் வந்தது. நியூயார்க்கிலும் நேப்பிள்ஸிலும் இருந்த ஆய்வாளர்கள், சிதையும் செல்களிலிருந்து நொதிகள் குருதியில் கசிவதை அளந்தனர். நம் ஊர் ஆய்வகத் தாள்களில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று அச்சாகி வருபவை அவையே. கண் வெளுப்பாக இருக்கும்போதே ஈரல் அழற்சியுற்றிருப்பதைச் சொன்னவை இவை. மஞ்சளும் நோயும் வேறுவேறாகப் பிரிந்தது அன்றுதான்.

1960களில் புளூம்பெர்க் என்னும் அமெரிக்கர் மரபியல் ஆய்வுக்காக உலகெங்கும் குருதி திரட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் இருந்த புதிய புரதம் ஒன்று, பலமுறை குருதி ஏற்றப்பட்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் குருதியோடு வினைபுரிந்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று அதற்குப் பெயரிட்டார். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னரே தெளிந்தது. ஈரல் நோயை அவர் தேடவே இல்லை; 1976இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இங்கே கதை சென்னைக்குத் திரும்புகிறது. கீழாநெல்லியின் சாறு பி வைரஸின் நொதி ஒன்றைத் தடுப்பதாகவும், அவ்வைரஸின் உறவான வட அமெரிக்க மர்மோட் வகை விலங்கின் வைரஸ் மீதும் வேலை செய்வதாகவும் வெங்கடேஸ்வரன், மில்மன், புளூம்பெர்க் மூவரும் 1987இல் எழுதினர். அடுத்த ஆண்டு, பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் புளூம்பெர்க்கோடு இணைந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பி வைரஸை நெடுநாள் சுமந்திருந்தோரில் ஒரு பிரிவினருக்கு உலர்த்திய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. மறுபிரிவினருக்கு மருந்தற்ற போலிப் பொடி. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் அந்த ஆன்டிஜென் மறைந்தது. போலியுண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

நம் வரப்புச் செடி லண்டன் இதழில் ஏறியதை அன்றைய தமிழ் இதழ்கள் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1990இல் தாய்லாந்தில் செய்த சோதனை இம்முடிவை உறுதிசெய்யவில்லை. வேறு நாடுகளில் செய்தவையும் பெரும்பாலும் கைவிட்டன. இரு பிரிவினரும் தொடக்கத்தில் சமமாக இருந்தனரா, குறுகிய காலத்தில் மறைந்த ஆன்டிஜென் மறைந்தே இருந்ததா, ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களில் எல்லோரும் ஒரே செடியைத்தான் எடுத்தனரா என்ற கேள்விகள் எழுந்தன. எம் கருத்தில் அந்தச் சென்னை ஆய்வு தோல்வியன்று. ஊர் வைத்தியத்தை 'மஞ்சள் இறங்கியதா' என்ற கேள்வியிலிருந்து விடுவித்து, 'குருதியில் என்ன மாறியது' என்று கேட்டதும், போலிப் பொடி உண்டவரின் கதையையும் எழுதி வைத்ததும் சிறு செயல்கள் அல்ல. ஒன்றும் செய்யாதவர் அங்குதான் முதன்முதலாகக் கணக்கில் வந்தார். அதன் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டுச் சந்தையில் விற்கப்படும் குப்பிகள் பற்றி நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பி வகையின் ஆன்டிஜெனைச் சோதித்து நீக்கிய பிறகும் குருதி ஏற்றப்பட்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்துகொண்டே இருந்தது. ஏ வகையும் இல்லை. 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டரும் பிறரும் இதனை 'ஏயும் அல்லாத, பியும் அல்லாத' அழற்சி என்றனர். இன்னதென்று சொல்ல இயலாமல், இன்னதன்று என்று மட்டும் சொல்லும் பெயர். வைரஸ் கண்ணில் படவில்லை. நொதி உயர்வதொன்றே அடையாளம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் குருதி வங்கிகள் நொதி உயர்ந்த கொடையாளரின் குருதியை ஒதுக்கின. கள்வனைக் காணாமல் காலடித் தடத்தை மட்டும் கண்டு கதவடைத்த நிலை அது.

1989இல் கைரான் நிறுவனத்தின் ஹௌட்டன், சூ, குவோ முதலியோர் அந்த வைரஸின் மரபுக்கூறு ஒன்றைப் பிடித்தனர். ஏறத்தாழப் பத்து லட்சம் துண்டுகளைச் சலித்து எடுத்த ஒன்று. அதுவே ஹெபடைட்டிஸ் சி. 2020இல் ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவரும் நோபல் பெற்றனர். முன்னதாக 2013இல், சூவும் குவோவும் சேர்க்கப்படவில்லை என்பதால் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசை ஹௌட்டன் மறுத்தார். அறிவியல் வரலாற்றில் இத்தகைய செயல் அரிது.

சி வகையின் கொடுமை அதன் அடக்கத்தில் இருக்கிறது. தொற்றும்போது பெரும்பாலோருக்கு மஞ்சள் வருவதில்லை. தொற்றியவரில் பாதிக்கு மேற்பட்டோர் உடலில் அது தங்கிவிடுகிறது. அவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் சுருங்கி இறுகுகிறது. மஞ்சள் கடைசியாகத்தான் வருகிறது. கூடவே வயிற்றில் நீர் கோத்த மகோதரமும் குருதி வாந்தியும் வருகின்றன. காமாலைக்குக் கீழாநெல்லி தேடிப் பழகிய ஊரில், கண் வெளுப்பாயிருக்கும் அந்த இருபது ஆண்டுகளில் எவரும் எதையும் தேடுவதில்லை. அப்படித் தேடாதவர்களில் குருதி பெற்றவர் பலர். கூலிக்குக் குருதி விற்போரிடமிருந்து வாங்குவது உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரியில்தான் தடைபட்டது. குருதி வங்கிகளில் சி வகைச் சோதனை 2000களின் தொடக்கத்தில்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் மகப்பேற்றிலோ விபத்திலோ குருதி ஏற்றப்பட்டவர்களுக்கு அக்குருதி உயிர் கொடுத்தது. சிலருக்கு அதனோடு வேறொன்றையும் கொடுத்தது.

சரி, குருதியைச் சோதித்தால் போதுமே என்று தோன்றும். அழற்சியைக் காட்டும் குருதிக் குறிகள் பல உண்டு. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிலையத்தில் கண்டறியப்பட்ட சி.ஆர்.பி. என்னும் புரதம் இன்று எந்தக் காய்ச்சலுக்கும் எழுதப்படும் சோதனை. கிருமித் தொற்று வந்தால் சில மணி நேரத்தில் அது பன்மடங்கு உயரும். ஆனால் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி நோயில் ஈரல் ஆண்டுக்கணக்கில் அழன்றுகொண்டிருக்கும்போது இக்குறி பெரும்பாலும் உயர்வதே இல்லை. இப்புரதத்தைச் செய்வது கல்லீரல்தான். குருதியை உறையவைக்கும் பொருள்களில் பெரும்பான்மையும் ஆல்புமினும்கூட ஈரலின் உழைப்பே. சாட்சி சொல்ல வந்தவரே நோயாளியாக இருக்கும் வழக்கு இது.

நொதிகளின் கதையும் அப்படித்தான். எஸ்.ஜி.பி.டி. உயர்ந்தால் செல்கள் சிதைகின்றன என்பது சரி. அது இறங்கினால் நோய் இறங்கியது என்று கொள்ளலாமா? சி வகை நோயாளர் பலருக்கு அது இயல்பளவிலேயே நிற்கும். ஈரல் முற்றச் சுருங்கிவிட்டால், சிதைவதற்கு மிஞ்சிய செல்கள் குறைவதாலும் அது இறங்கும். எரிய விறகு தீர்ந்த அடுப்பும் தணிந்தே இருக்கும். தாளில் தடித்த எழுத்தில் எண் எதுவும் இல்லை என்று மகிழ்ந்து மடித்து வைத்த அறிக்கைகளில் இத்தகையவையும் உண்டு.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரு குறியை நம்பாமல் குறிகளை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கத் தொடங்கினர். ஈரல் இறுகினால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்கள் குறையும். அந்தக் குறைவையும் நொதியின் உயர்வையும் சேர்த்துக் கணக்கிடும் முறை சி வகை நோயாளரிடம் 2003இல் வகுக்கப்பட்டது. 2006இல் வயதையும் சேர்த்த வேறொன்று வந்தது. ஊசியால் ஈரலில் திசு எடுக்க வசதியில்லாத இடங்களுக்கு இவ்விரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. சிற்றூர் ஆய்வகம் கொடுக்கும் சாதாரண எண்களே இதற்குப் போதும். உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பொருள்காண முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்ப்பது நினைவுக்கு வருகிறது.

ஈரல் முற்றும் கைவிட்டபின் மிஞ்சுவது மாற்று அறுவை மட்டுமே. 1963 மார்ச்சில் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலாக அதை மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்தார். குருதி உறையாமல் அக்குழந்தை மேசையிலேயே இறந்தது. 1967இல்தான் ஒருவர் ஓராண்டு கடந்து வாழ்ந்தார். இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் நடந்த, நாட்டின் முதல் வெற்றியான குழந்தைக் கல்லீரல் மாற்றில் ஈரல் பெற்றது காஞ்சிபுரத்துக் குழந்தை, கொடுத்தவர் தந்தை. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்த பின், இறந்தோர் கொடை என்பது தமிழகத்தில் வீட்டுப் பேச்சாயிற்று.

கொடை குறைவு, காத்திருப்போர் அதிகம். யாருக்கு முதலில்? முன்பெல்லாம் மருத்துவரின் கண் மதிப்பீட்டுக்கும் காத்திருந்த நாளுக்கும் இதில் பெரும்பங்கு இருந்தது. மேயோ மருத்துவமனையின் பாட்ரிக் காமத்தும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட மெல்டு மதிப்பெண் பிலிரூபின், கிரியாட்டினின், குருதி உறையும் நேரம் என்ற மூன்று எண்களால் இதைத் தீர்க்க முயன்றது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கா அதை ஏற்றது. கவனியுங்கள், இம்மூன்றில் அழற்சிக் குறி எதுவும் இல்லை. ஒரே மதிப்பெண் உடைய இருவரில் சி.ஆர்.பி. கூடியவர், அல்லது வெள்ளணு வகைகளின் விகிதம் மாறியவர் முந்தி இறப்பதைப் பிற்கால ஆய்வுகள் சில காட்டின. நோயுற்ற ஈரல் அப்புரதத்தைக் குறைவாகவே செய்யும் என்றோம். அந்த ஈரலே இவ்வளவு செய்கிறதென்றால் உள்ளே மூண்ட தீ எத்தகையது என்று ஊகிக்க வேண்டும்.

மாற்றியபின்னும் துயர் தீரவில்லை. வைரஸ் குருதியில் இருக்குமாதலால் புதிய ஈரலையும் அது பற்றும்; ஏறத்தாழ எல்லோருக்கும் பற்றியது. சில மாதங்களில் நொதி உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் புதிய ஈரலை நிராகரிக்கிறதா, பழைய வைரஸ் திரும்பியதா? முதலாவது என்றால் எதிர்ப்பாற்றலை மேலும் அடக்கும் ஸ்டீராய்டு தரவேண்டும். இரண்டாவது என்றால் அதே ஸ்டீராய்டு வைரஸை வளர்க்கும். ஒரே குறிக்கு இரு பொருள். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு. நுண்ணோக்கியில் பார்த்தும் தேர்ந்தவர்கள் கருத்து வேறுபட்டனர். சிலேடை இவ்வளவு கொடியதாக எந்த இலக்கியத்திலும் நாம் கண்டதில்லை.

இச்சிக்கலை அவிழ்த்தது புதிய குறி அன்று, புதிய மருந்து. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. மாத்திரை ஒன்றுக்கு ஆயிரம் டாலர் விலை. 2014 செப்டம்பரில் இந்திய நிறுவனங்கள் ஏழு உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியபின் விலை பன்மடங்கு சரிந்தது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாயின. அந்த நாள் புளூம்பெர்க்கின் பிறந்தநாள். பன்னிரண்டு வார மருந்துக்குப் பின் இன்னும் பன்னிரண்டு வாரம் கழித்தும் குருதியில் வைரஸ் இல்லையெனில் குணம் என்பது இன்றைய வரையறை. பெரும்பாலோர் அதை எட்டுகின்றனர். மாற்று அறுவைக்கு முன்னும் பின்னும் தரலாம். ஏற்கெனவே இறுகிய ஈரல் மட்டும் முற்றும் இளகிவிடுவதில்லை. அதில் புற்று தோன்றும் அபாயமும் தொடர்வதால் குணமானவரும் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் பார்க்கவேண்டியிருக்கிறது.

குணமானவருக்கு மற்றொரு குறியும் எஞ்சுகிறது. வைரஸுக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்பொருள் நோய் போனபின்னும் ஆண்டுக்கணக்கில் குருதியில் நிற்கும். முதல்நிலைச் சோதனை அட்டை தேடுவது அதைத்தான், வைரஸை அன்று. வளைகுடா வேலைக்குப் போவோருக்கான மருத்துவச் சோதனையில் இதுவும் ஒன்று. வைரஸ் முற்றும் நீங்கியவரின் குருதியிலும் அந்த அட்டையில் இரண்டாவது கோடு விழும். ஆர்.என்.ஏ. சோதனைத் தாளையும் கையில் எடுத்துச் சென்றால் நீங்கியது என்று காட்டலாம். அதைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் மேசைக்கு அப்புறம் இருக்கவேண்டும்.